கணினி 'டிஸ்க் இல்லை' என்கிறதா? ஃபார்மேட் செய்யச் சொல்லும் முன் இதைப் பாருங்கள்

நேற்று இரவு வரை நன்றாக ஓடிய பழைய கணினி, இன்று காலை கறுப்புத் திரையில் ஒரே ஒரு ஆங்கில வரியைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்றோ, 'ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்' என்றோ, 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்' என்றோ அந்த வரி இருக்கும். மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான்: வேலையைத் தொடங்கத் தேவையான டிஸ்க் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த நிலையில் நம் வீடுகளில் இரண்டு தீர்ப்புகள் உடனே வந்துவிடுகின்றன. ஒன்று, 'ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, இனி ஒன்றும் தேறாது' என்பது. மற்றொன்று, 'ஓ.எஸ். போய்விட்டது, ஃபார்மேட் செய்து புதிதாகப் போட்டுவிடலாம்' என்பது. இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். முதலாவதை நம்பினால் நல்ல கணினி பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. இரண்டாவதை நம்பினால் கணினி ஓடத் தொடங்கிவிடும். ஆனால் அதற்குள் இருந்தவை போய்விடும். பிள்ளைகளின் நிக்காஹ் படங்கள், கடைக் கணக்கு, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் நகல், சபரில் இருக்கும் வாப்பா அனுப்பிய வீடியோக்கள், மதரஸா மாணவர் பட்டியல் ஆகியவற்றை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது.

ஆகவே ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். கணினியை ஓட வைப்பது இரண்டாவது வேலை. டிஸ்கில் உள்ளதைக் காப்பாற்றுவதே முதல் வேலை. உள்ளே என்ன இருக்கிறது, அதற்கு வேறு நகல் இருக்கிறதா என்று வீட்டில் எல்லோரிடமும் கேட்டு முடிக்கும் வரை, 'ஃபார்மேட்', 'இன்ஸ்டால்', 'இனிஷியலைஸ்' என்று திரையில் வரும் எதற்கும் சம்மதம் கொடுக்காதீர்கள்.

கணினி எழும்போது என்ன நடக்கிறது?

பவர் பட்டனை அழுத்தியவுடன் விண்டோஸ் நேராக வந்துவிடுவதில்லை. மதர்போர்டில் உள்ள ஒரு சிறிய சிப்பில் பயாஸ் என்ற நிரல் இருக்கிறது. முதலில் எழுவது அதுதான். அது நினைவகம், கீபோர்டு, டிஸ்க் ஆகியவை இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. பிறகு தன்னிடம் எழுதி வைத்துள்ள வரிசைப்படி, 'முதலில் டிவிடி, அடுத்து பென்டிரைவ், அடுத்து ஹார்ட் டிஸ்க்' என்பதுபோல் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்கிறது. தொடக்கக் குறிப்பு எதில் இருக்கிறதோ, அதனிடம் வேலையை ஒப்படைத்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் விண்டோஸ்.

எனவே 'டிஸ்க் இல்லை' என்ற செய்திக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். டிஸ்க் பயாஸுக்கு எட்டவே இல்லாமல் இருக்கலாம். டிஸ்க் நலமாக இருந்தும் பயாஸ் வேறு இடத்தில் தேடிக்கொண்டிருக்கலாம். டிஸ்க் கிடைத்தும் அதில் உள்ள தொடக்கக் குறிப்பு மட்டும் கெட்டிருக்கலாம். பின்னிரண்டில் உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். முதலாவதில்கூட, கோளாறு கேபிளிலா டிஸ்கிலா என்று பார்த்த பிறகே எதையும் சொல்ல முடியும்.

முதலில் செய்ய வேண்டியது

கணினியை அணைத்துவிடுங்கள். பென்டிரைவ், மெமரி கார்டு, வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்க், டிவிடி, சார்ஜ் ஏற்றச் செருகிய செல்போன் கேபிள் என்று கீபோர்டும் மவுஸும் தவிர எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி போடுங்கள். பயாஸின் வரிசையில் பென்டிரைவ் முதலில் இருந்து, செருகியுள்ள பென்டிரைவில் தொடக்கக் குறிப்பு இல்லாவிட்டால், சில பழைய கணினிகள் அதோடு நின்றுவிடும். இதை மட்டும் செய்து சரியாகிப்போன கணினிகள் நிறைய.

வேறு சில செய்திகளும் வரலாம். பழைய எக்ஸ்பி கணினியில் 'என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்', விண்டோஸ் 7-லும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் 'பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்' என்று வந்தால் ஓரளவு ஆறுதல் கொள்ளலாம். ஏதோ ஒரு டிஸ்கைத் தொட்டுப் படித்த பிறகே அந்த வரி வருகிறது. பென்டிரைவ்களை எல்லாம் கழற்றிய பிறகும் அதே வரி வந்தால், படிக்கப்பட்டது உங்கள் ஹார்ட் டிஸ்க்தான். மாறாக, 'ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பேட், பேக்கப் அண்ட் ரீப்ளேஸ்' என்று வந்தால், 'என் காலம் முடியப் போகிறது' என்று டிஸ்க் தானே சொல்வதாகப் பொருள். அப்போது வேறு எந்தச் சோதனையும் வேண்டாம்; நகல் எடுக்கும் பகுதிக்கு நேராகச் செல்லுங்கள்.

பயாஸிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

அடுத்து பயாஸுக்குள் போய், டிஸ்கின் பெயர் அங்கே தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மீதி வழி முழுவதும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே பிரிகிறது.

கணினியைப் போட்டவுடன், திரையில் எதுவும் வரும் முன்பே, குறிப்பிட்ட ஒரு பட்டனை விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கடையில் சேர்த்து உருவாக்கிய மேசைக் கணினிகளில் பெரும்பாலும் 'டெலீட்', டெல், ஏசர் கணினிகளில் 'எஃப்2', ஹெச்பி கணினிகளில் 'எஃப்10', லெனோவாவில் 'எஃப்1' அல்லது 'எஃப்2' என்று இருக்கும். முதல் திரையின் ஓரத்தில் 'செட்டப்' என்ற சொல்லுக்கு அருகிலும் அந்தப் பட்டனின் பெயர் காட்டப்படும்.

உள்ளே போனதும் எதையும் மாற்றும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வழி தவறிவிட்டால் 'எக்ஸிட் வித்தவுட் சேவிங்' என்பதைத் தேர்ந்தெடுத்து வெளியே வந்துவிடலாம், எதுவும் மாறியிருக்காது. 'மெயின்', 'ஸ்டோரேஜ்' அல்லது 'சாட்டா' என்று தலைப்புள்ள பக்கத்தில் டிஸ்கின் மாடல் பெயர் இருக்கும். சீகேட் டிஸ்க் 'எஸ்.டி.' என்றும், வெஸ்டர்ன் டிஜிட்டல் 'டபிள்யூ.டி.சி.' என்றும் தொடங்கும் எழுத்துகளோடு தெரியும். அங்கே 'நன்' என்றோ 'நாட் டிடெக்டட்' என்றோ மட்டும் இருந்தால், பயாஸுக்கு டிஸ்க் எட்டவில்லை என்று பொருள்.

பெயர் தெரிந்தால்

டிஸ்க் உயிரோடு இருக்கிறது. கேபிளும் மின்சாரமும் போகின்றன. இனி 'பூட்' என்ற பக்கத்துக்குச் செல்லுங்கள். வரிசையில் ஹார்ட் டிஸ்க் முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். சில பழைய மதர்போர்டுகளில் 'ஹார்ட் டிஸ்க் டிரைவ்ஸ்' என்று தனியாக ஒரு பட்டியலும் உண்டு. இரண்டு டிஸ்க் உள்ள கணினியில், விண்டோஸ் இல்லாத டிஸ்க் அந்தப் பட்டியலில் முதலில் இருந்தாலும் இதே கோளாறு வரும்.

அப்படியே தேதியையும் பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதி காட்டினால் குற்றவாளி பெரும்பாலும் ஒரு சிறிய பேட்டரிதான். மதர்போர்டில் பழைய நாணயம் போல வட்டமாக சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி இருக்கிறது. கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவதும், பல பழைய கணினிகளில் பயாஸின் அமைப்புகளை நினைவில் வைத்திருப்பதும் அதுதான். அது தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு முறை மின்சாரம் போகும்போதும் பயாஸ் தொழிற்சாலையில் வைத்த அமைப்புக்கே திரும்பிவிடும். 'காலையில் மட்டும் வேலை செய்யவில்லை', 'கரண்ட் போனால் மறுநாள் எழுவதில்லை' என்ற புகார்கள் பல இப்படி வருபவை.

இந்தப் பேட்டரி கைக்கடிகாரக் கடையிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். மேசைக் கணினியில் மின் வயரை உருவிவிட்டு, கிளிப்பை மெதுவாகத் தள்ளினால் பேட்டரி மேலே வந்துவிடும். கூட்டல் குறி உள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதை வையுங்கள். பழைய பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். அதை விழுங்குவது உயிருக்கே ஆபத்து. மடிக்கணினியில் இது பெரும்பாலும் உள்ளே வயரோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். அதைக் கடையில் மாற்றிக்கொள்வதே நல்லது.

பேட்டரியை மாற்றிய பிறகு தேதியையும் பூட் வரிசையையும் சரிசெய்து சேமியுங்கள். அதற்குப் பிறகும் எழாவிட்டால் இரண்டு அமைப்புகளைக் கவனிக்க வேண்டும். 'சாட்டா மோட்' என்ற இடத்தில் 'ஐடிஇ' அல்லது 'ஏஹெச்சிஐ' என்று இருக்கும். விண்டோஸ் போட்டபோது ஒன்று இருந்து இப்போது வேறொன்றாக மாறியிருந்தால், விண்டோஸ் எழத் தொடங்கி நீலத் திரையோடு நின்றுவிடும். அடுத்தது 'பூட் மோட்': இதில் 'லெகசி' அல்லது 'யூஇஎஃப்ஐ' என்று இருக்கும். லெகசி முறையில் விண்டோஸ் 7 போட்ட கணினியை யூஇஎஃப்ஐ-க்கு மட்டும் மாற்றிவிட்டால், டிஸ்கின் பெயர் தெரிந்துகொண்டே 'பூட் டிவைஸ் இல்லை' என்று வரும். ஒரே டிஸ்க் உள்ள வீட்டுக் கணினியில் இவற்றை மாற்றிப் பார்ப்பதால் ஃபைல் எதுவும் அழியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்; பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு எழவில்லையென்றால் தொடக்கக் குறிப்பு கெட்டிருக்கக்கூடும். விண்டோஸ் டிவிடியில் 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்', அதற்குள் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' என்ற வழி இருக்கிறது. அதே திரையின் நடுவில் பெரிதாக இருக்கும் 'இன்ஸ்டால் நவ்' என்பது வேறு வழி. அதைத் தொட வேண்டாம். ரிப்பேரைத் தொடங்கும் முன்பே முக்கியமான ஃபைல்களை வெளியே எடுத்துவிடுவது நல்லது.

பெயர் தெரியாவிட்டால்

இப்போது டிஸ்கைக் குற்றம் சொல்லும் முன் கேபிளைப் பாருங்கள். கணினியை அணைத்து, மின் வயரை உருவி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வெளியேறிவிடும். கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து, உலோகப் பகுதியை ஒருமுறை தொட்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள். மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் ஒருபோதும் பிரிக்கக் கூடாது.

டிஸ்கின் பின்பக்கம் இரண்டு கேபிள்கள் இருக்கும். குறுகலானது தகவலுக்கு, அது மதர்போர்டுக்குப் போகும். அகலமானது மின்சாரத்துக்கு, அது எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும். இரண்டையும் இருமுனைகளிலும் உருவி, மறுபடி அழுத்திச் செருகுங்கள். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று உலோக முனைகளைச் சீக்கிரம் கறுக்க வைத்துவிடும்; உருவிச் செருகும்போதே அந்தப் படலம் ஓரளவு உரசிப் போய்விடும். அதன் பிறகும் பெயர் வராவிட்டால் தகவல் கேபிளை மாற்றிப் பாருங்கள். அடுத்து மதர்போர்டில் வேறு முனையில் செருகுங்கள். கடைசியாக எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் வேறொரு மின் முனையைக் கொடுத்துப் பாருங்கள். டிவிடி டிரைவ் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அதன் கேபிள்களையே சோதனைக்குப் பயன்படுத்தலாம்.

மிகப் பழைய கணினிகளில் நாடா போன்ற அகலமான ஐடிஇ கேபிள் இருக்கும். அதன் முனை 40 ஊசிகளுக்கானது. கோணலாக அழுத்தினால் ஊசி வளைந்துவிடும். அந்த நாடாவில் டிஸ்கும் சிடி டிரைவும் சேர்ந்து மாட்டப்பட்டிருந்தால், சிடி டிரைவை மட்டும் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஒன்று 'மாஸ்டர்', மற்றது 'ஸ்லேவ்' என்று பின்பக்கச் சிறு ஜம்பரால் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் ஒரே நிலையில் இருந்தால் இரண்டுமே தெரியாமல் போகலாம்.

மடிக்கணினியில் கேபிள் சிக்கல் குறைவு. ஆனால் கீழே விழுந்தாலோ பையில் அடிபட்டாலோ டிஸ்க் தன் இடத்திலிருந்து சற்று நகர்ந்துவிடும். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன; தினமும் பள்ளிப் பையில் போய்வந்த அவற்றில் இதையும் பார்த்துவிட வேண்டும். சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, அடிப்பக்க மூடியின் திருகுகளைக் கழற்றினால் பல மாடல்களில் டிஸ்க் கண்ணில் படும். மெதுவாகப் பின்னால் இழுத்து, மறுபடி நேராகச் செருக வேண்டும். மூடி தனியாக இல்லாத மாடல்களை வீட்டில் பிரிக்க வேண்டாம்.

சத்தம் கேட்டால் நிறுத்துங்கள்

கணினி ஓடும்போது டிஸ்கின் மேல் விரலை வைத்தால் மெல்லிய அதிர்வு தெரிய வேண்டும். உள்ளே தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுகின்றன. அதிர்வே இல்லையென்றால் மின்சாரம் போகவில்லை, அல்லது டிஸ்கின் மோட்டாரோ சர்க்யூட்டோ நின்றுவிட்டது. 'டக்... டக்...' என்று சீராகத் தட்டும் சத்தமோ, உராயும் சத்தமோ கேட்டால், படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது என்று பொருள். உடனே அணைத்துவிடுங்கள். 'இன்னும் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்ற ஒவ்வொரு முறையும் சேதம் கூடலாம்.

அந்த டிஸ்கைப் பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். தட்டுக்கும் படிக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி ஒரு தூசியின் அளவைவிடக் குறைவு. தட்டிப் பார்ப்பது, குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது போன்ற கைவைத்தியங்களும் வேண்டாம். உள்ளே இருப்பது விலைமதிப்பற்றதென்றால், தகவல் மீட்பையே தொழிலாகச் செய்பவரிடம் கொண்டுபோக வேண்டும். அதற்குச் செலவு அதிகம். கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. கட்டணத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

ஃபைல்களை வெளியே எடுக்கும் இரண்டு வழிகள்

சத்தம் இல்லாத டிஸ்குக்கு முதல் வழி, அதைக் கழற்றி யூஎஸ்பி–சாட்டா அடாப்டர் மூலம் இன்னொரு கணினியில் மாட்டுவது. மடிக்கணினியின் சிறிய டிஸ்குக்கு யூஎஸ்பி மின்சாரமே போதும். மேசைக் கணினியின் பெரிய டிஸ்குக்குத் தனி மின் அடாப்டருடன் கூடியது வேண்டும். அங்கே டிஸ்க் திறந்துவிட்டால், பழைய கணினியின் முனையிலோ அமைப்பிலோதான் கோளாறு என்பதும் தெரிந்துவிடும். மாட்டியவுடன் 'இதைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்டால் 'கேன்சல்' மட்டுமே பதில்.

இரண்டாவது வழி, பயாஸில் டிஸ்கின் பெயர் தெரியும் கணினிகளுக்கு. இன்னொரு கணினியில் லினக்ஸ் மிண்ட் போன்ற இலவச லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பழைய கணினியை எழுப்பலாம். அந்தப் பென்டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதால் காலியான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் டிஸ்கில் எதையும் எழுதாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும். திரையில் உள்ள 'இன்ஸ்டால்' படத்தை மட்டும் தொடாமல், டிஸ்கைத் திறந்து வேறொரு வெளி டிஸ்குக்கு நகல் எடுங்கள். திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள்: படங்கள், கணக்குகள், ஆவணங்கள். சினிமாவும் மென்பொருளும் கடைசியில் இருக்கட்டும்.

கடைக்குக் கொண்டுபோகும்போது

இவற்றில் எதையும் செய்யத் தயக்கமாக இருந்தால் கடைக்குக் கொண்டுபோவதில் தவறில்லை. ஆனால் கொடுக்கும் முன் தெளிவாகச் சொல்லுங்கள்: 'உள்ளே உள்ள ஃபைல் வேண்டும். என்னைக் கேட்காமல் ஃபார்மேட் செய்ய வேண்டாம்.' இதை ரசீதிலும் எழுதி வாங்குங்கள். 'டிஸ்க் போய்விட்டது' என்று சொன்னால், வேறு கேபிளிலும் வேறு கணினியிலும் மாட்டிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். புதிய டிஸ்க் போட்டாலும் பழைய டிஸ்கைத் திரும்ப வாங்கிவிடுங்கள். அது உங்கள் பொருள்.

வீட்டுப் பெண்களின் படங்களும் வங்கித் தாள்களும் உள்ள டிஸ்க் யார் கையில் இருந்தாலும் அது அமானிதம். டிஸ்குக்குத் தொடர்பில்லாத கோளாறு என்றால், உதாரணமாகத் திரையோ கீபோர்டோ மாற்ற வேண்டுமென்றால், டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கணினியைக் கொடுக்கலாம். பழைய கணினியை விற்கும்போதும், ஏழை மாணவருக்குக் கொடுக்கும்போதும் டிஸ்கை மாற்றிக் கொடுப்பதே பாதுகாப்பு. ஃபைல்களை அழித்தால் மட்டும் போதாது. அழித்தவற்றை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் உண்டு.

சரியான பிறகு

டிஸ்க் உண்மையிலேயே போயிருந்தால் சாட்டா வசதியுள்ள பழைய கணினியில் எஸ்எஸ்டி போடலாம். அதில் சுழலும் பாகம் கிடையாது; அதே பழைய கணினி முன்பைவிட வேகமாக எழும். எந்த ஓ.எஸ். என்பதையும் யோசித்து முடிவெடுங்கள். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடும் நின்றுவிட்டன. பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. பிள்ளைகள் படிக்கவும் எழுதவும் இணையம் பார்க்கவும் லினக்ஸ் போதும். அதற்குக் கட்டணமும் இல்லை.

இந்த முறை ஃபைல்கள் கிடைத்துவிட்டால், அல்ஹம்துலில்லாஹ், அன்றே ஒரு வெளி டிஸ்கில் இரண்டாவது நகலை எடுத்து, கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் வையுங்கள். மாதம் ஒருமுறை புதிதாகச் சேர்ந்தவற்றை அதில் சேர்த்து, சேர்த்த தேதியை அதன் உறையிலேயே எழுதுங்கள். அடுத்த முறை கறுப்புத் திரையில் அதே வரி வந்தால், முதலில் அந்தத் தேதியைப் பார்த்துவிட்டுப் பிறகு பென்டிரைவைக் கழற்றத் தொடங்கலாம்.